அட்டவணையில் இல்லாத மாரியாயி

நூலகப் படமொன்றின் பிரதியைக் கேட்பவர், அதன் தலைப்பை அட்டவணையில் உள்ளபடியே எழுத வேண்டும் என்பது விதி. விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்ற எனக்கு அது மனப்பாடம்.

நான் போகும் பெல்மதுளை நூலகத்தில் ஒரு பெண்மணி எப்போதும் நாற்காலியில் குடையை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றபடியே புத்தகம் புரட்டுவார். தேயிலைக் கொழுந்தெடுத்துக் கறுத்த அவர் விரல் ஒருநாள் ஒரு சின்னப் படத்தில் நின்றது.

“இது எங்கம்மா சார். வீட்டுல வேற படமே இல்ல. பெருசா ஒன்னு எடுக்க முடியுங்களா?”

மூலப்படம் கொழும்பில் ஒரு நூலகத்தில் இருந்தது. படிவத்தில் படத்தின் கீழிருந்த இலக்கத்தையும் ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்ற தலைப்பையும் எழுதினேன். அவர் தலைப்பை வெட்டி, ‘மாரியாயி’ என்று எழுதினார்.

“திருப்பி அனுப்புவாங்கம்மா.”

“அனுப்பட்டுங்க. எங்கம்மாவுக்குப் பேரு இருக்குல்ல?”

இலக்கம் சரி, தலைப்பு பொருந்தவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. பழைய தலைப்பையே போட்டுவிடலாமே என்றேன்.

“அப்ப படமே வேணாங்க சார். பேரில்லாத பொம்பளைய சாமித்தட்டுல வச்சு என்னான்னு கும்பிடுறது?”

மூன்றாவது படிவத்தில் ‘மாரியாயி’ என்று நானே எழுதினேன். தெரிந்தே பிழையாக நான் நிரப்பிய ஒரே படிவம் அதுதான்.

படம் வந்தது. பின்னால் ஒட்டிய சீட்டில் அச்சிட்ட தலைப்பை யாரோ வெட்டி, பேனையால் ‘மாரியாயி’ என்று எழுதியிருந்தார்கள். எந்த விதியின் கீழ் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படம் எங்களுக்குக் கிடைத்தது தைப்பொங்கலுக்கு மறுநாள்.