காப்புறுதிப் படிவத்தின் பதினோராம் கேள்வி

வெளிநாடு போகப் பயணக் காப்புறுதி தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. யார் போகிறார், எங்கே போகிறார், எத்தனை நாள் என்று திருப்பிக் கேட்பேன். நான் மென்பொருள் சோதனையாளர். கொழும்பு நிறுவனமொன்றுக்காக மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு அறையில் இருந்தே வேலை செய்கிறேன். ஒரு செயலி எந்தெந்த வழியில் பழுதாகும் என்று பட்டியல் போடுவதற்குத்தான் சம்பளம். நான் மலேசியாவுக்கு நாலு நாள் போனபோதும் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்புறுதி எடுக்காமல் போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இங்கிலாந்தில் இருக்கும் அக்காவின் முதல் பிரசவத்துக்கு அம்மா போவது என்று முடிவானபோது என் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

அம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக, மூன்று மாதத்துக்கு. பார்வையாளர் விசாவில் போகிறவர் அங்கே வைத்தியசாலையில் படுக்க நேர்ந்தால் பெரும்பாலும் செலவு அவருடையதுதான். காப்புறுதி இல்லாமல் அம்மா விமானம் ஏறக்கூடாது, தான் இப்போது கவலைப்படுகிற நிலைமையில் இல்லை என்று அக்கா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளை பிறக்கிற நாளில் அக்காவின் பக்கத்தில் நிற்க வேண்டும். அக்கா பிறந்த அன்று ஊரடங்கு. அம்மாவின் ஆட்கள் வாவிப் பாலத்தைத் தாண்டி வர முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்; அம்மா தனியாகத்தான் பெற்றார். அதை அம்மா எங்களுக்கு ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்குத் தெரிந்த காப்புறுதி முகவர் ஒருவர்தான். மெதடிஸ்த சேர்ச்சின் பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடும் அன்ரி. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். நான் நிபந்தனைகளை முழுதாக வாசித்து, சந்தேகங்களை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். பெட்டி பிந்தினால் என்ன, பயணம் நின்றுபோனால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். உயிரிழந்தவரின் உடலை நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு என்ற இடத்தில் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது விளங்கும் மனே. அடுத்ததை வாசி."

பதினோராம் கேள்வி, ஏற்கெனவே உள்ள நோய்கள். சீனி வியாதி, பிறசர் என்கிற இரத்த அழுத்தம், இருதயம் என்று அன்ரி வரிசையாகக் கேட்டார். அம்மா ஒன்றும் இல்லை என்றார். அன்ரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுகா. ஒவ்வொரு நாளும் மருந்து, குளிசை எதுவும் போடுறல்லையா?"

"தலையிடிச்சா ஒரு கோப்பி குடிப்பன். வேற ஒண்டும் இல்ல."

'இல்லை' என்ற கட்டத்தில் நான்தான் புள்ளடி போட்டேன். சொன்னதை அப்படியே நம்பி ஏற்றுக்கொள்வது என் தொழிலில் முதல் பிழை. அன்றைக்கு அது எனக்கு நினைவு வரவில்லை.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது பெட்டியை நிறுத்தோம். இந்தக் கதையில் அப்பாவுக்கு வேலை இதுதான்: பக்கத்து வீட்டு இறால் வியாபாரியின் கொளுக்கித் தராசைத் தூக்கிப் பிடிப்பது. இரண்டு கிலோ கூட. எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். பிள்ளை பெற்றவளுக்குக் கறி சமைக்கச் சரக்குத்தூள், மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, எள்ளுருண்டை, குழந்தைக்குப் பழைய சேலையில் கிழித்துத் தைத்த துணிகள். மிளகாய்த்தூள் பொதியைக் கையில் எடுத்து அமுக்கியபோது உள்ளே ஏதோ நெருடியது. பொதியைப் பிரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு விரலை விட்டேன். சின்னப் பொலித்தீன் பை ஒன்று வந்தது. அதற்குள் உறை நீக்கிய வெள்ளைக் குளிசைகள். பெயர் இல்லை, சீட்டு இல்லை. விமான நிலைய அதிகாரி ஒருவர் இதைத் தன் மேசையில் கொட்டிப் பார்க்கும் காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அப்பா தராசோடு மெல்ல வெளியே போய்விட்டார்.

அம்மா குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். பையைப் பக்கத்தில் வைத்தேன்.

"பிறசருக்கு," என்றார், நான் கேட்க முன்னமே.

இரண்டு வருடமாம். மாதத்தில் ஒரு புதன்கிழமை மாதர் சங்கக் கூட்டம் என்று போனதெல்லாம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்காம். அன்ரியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஞாயிற்றுக்கிழமை முழுச் சேர்ச்சுக்கும் தெரிஞ்சிரும். போன நத்தார் பாட்டுக்கு, வருத்தக்கார ஆளெண்டு ஒரு ஆளுக்குக் கதிரை போட்டு இருத்தின மாதிரி என்னையும் இருத்திப் போட்டுத்தான் பாட விடுவாங்க." கொஞ்ச நேரம் தேங்காய்ப்பூவைப் பிசைந்துவிட்டு, "அக்கா கேள்விப்பட்டாளெண்டா வரவேணாம் எண்டுருவாள்," என்றார்.

இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தெரிந்தது. கோபிக்க வரவில்லை. காப்புறுதியைப் பற்றி மட்டும் விளக்கினேன். அங்கே பிறசரால் ஏதும் வந்தால் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். சொல்லாமல் விட்டது தெரிந்தால் ஒரு சதமும் தரமாட்டார்கள்.

"இப்ப நாங்க எடுத்து வச்சிருக்கிறது உங்களுக்கான காப்புறுதி இல்லம்மா. பிறசர் இல்லாத வேற ஒரு அம்மாவுக்கு."

"அவ குடுத்து வச்சவ," என்றார் அம்மா.

அடுத்த நாள் காலை ஓட்டோவில் பாலத்தைத் தாண்டி அன்ரி வீட்டுக்குப் போனோம். தொலைபேசியில் நீயே சொல்லிவிடு என்று அம்மா கெஞ்சியிருந்தார். கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும் என்று நான் விடவில்லை. வழியெல்லாம் வாவியில் தண்ணீர் வற்றிக் கிடப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மெதுவாகப் போகும்படி சாரதியிடம் இரண்டு தடவை சொன்னார்.

அன்ரி பின்வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா நின்ற நிலையில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அன்ரியின் கை நிற்கவில்லை. எத்தனை வருடம், குளிசையின் பெயர் என்ன, ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார். பிறகு எழும்பிக் கை கழுவி, திருத்தப் படிவம் ஒன்றை எடுத்து வந்தார். கிளினிக் கொப்பியின் பிரதி வேண்டும், வைத்தியரின் கடிதம் வேண்டும், கட்டணம் கொஞ்சம் கூடும், புறப்பட முன்னம் சொன்னபடியால் பிரச்சினையில்லை என்றார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையைக் கொடுக்காமல் நின்றார்.

"சேர்ச்சில சொல்லிராத, என்ன."

"பத்து வருசமா உனக்குப் பக்கத்தில நிண்டு பாடுறன்கா. ஒரு ஆளிட நோய் வருத்தத்தையாவது உனக்கு வந்து சொல்லியிருக்கனா? குழுவில பாதிப் பேரிட படிவம் என்ர அலுமாரிக்குள்ளதான் கிடக்கு."

அம்மாவின் முகமே மாறிவிட்டது. "பாதிப் பேரா? ஆர் ஆர்?"

அன்ரி திரும்பப் போய் இறாலுக்கு முன்னால் குந்தினார்.

வரும் வழியில் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தன்னிடம் ஒரு கதையும் வந்து சொல்லாதபடியால், மற்றவர்களிடம்தான் போய்ச் சொல்கிறாராக்கும் என்று இவ்வளவு நாளும் அன்ரியில் தனக்குச் சந்தேகம் என்றார். அதற்குப் பிறகு, கல்லடிச் சந்தியில் எதை எதையெல்லாம் தின்னக் கூடாதென்று கிளினிக்கில் சொன்னார்களோ அதெல்லாம் விற்கும் கடையைக் காட்டி, ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்த விடவில்லை.

அக்காவிடம் அம்மாவே சொன்னார். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"குளிசையைக் கைப்பைக்குள்ள வையுங்கம்மா. பெட்டிக்குள்ள வேணாம்," என்றாள் அக்கா.

வைத்தியர் அளந்து பார்த்துப் பறக்கலாம் என்று எழுதித் தந்தார். குளிசைகள் புது உறையோடு, கடிதத்தோடு கைப்பைக்குப் போயின. மிளகாய்த்தூளில் பாதியும் எள்ளுருண்டையும் வீட்டில் தங்கின. அப்பா இரண்டு வாரம் எள்ளுருண்டை தின்றார்.

என் பட்டியலில் இருந்த ஒன்றும் நடக்கவில்லை. விமானம் பிந்தவில்லை, பெட்டி தொலையவில்லை, அம்மா ஒரு நாளும் நோயென்று படுக்கவில்லை. காப்புறுதிக்குக் கட்டிய பணம் அப்படியே போனது. எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது. ஆனால் இப்போது யாராவது கேட்டால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: நோய் இருக்கிற ஆளென்றால் எடுங்கள், எடுத்தால் அதை எழுதுங்கள், எழுத முன்னம் தூள் பொதிகளைத் தடவிப் பாருங்கள்.

பிள்ளை ஒன்பது நாள் முந்திப் பிறந்தாள். அம்மா அங்கே போய்ச் சேர்ந்து ஆறாம் நாள். பிரசவ அறையில் முழு நேரமும் அக்காவின் தலைமாட்டில் நின்றாராம். எல்லாம் முடிந்து தாதி அக்காவுக்குப் பிறசர் பார்த்தபோது, அம்மா தன் கையையும் நீட்டி, "மீ ஓல்சோ பிறசர்," என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தாதி சிரித்துக்கொண்டே அவருக்கும் பார்த்தாளாம். இதையெல்லாம் அக்கா படுக்கையில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா தொலைபேசியைப் பறித்தார். பிள்ளையைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அதைத் தலைகீழாகப் பிடித்தார். அடுத்த சில நிமிடங்கள் நானும் அப்பாவும் பார்த்தது வைத்தியசாலையின் கூரையைத்தான். பிள்ளை தும்மியது மட்டும் தெளிவாகக் கேட்டது.