தொட்டி விளக்கை அணைத்த மாலை

பக்கவாதம் வந்து என் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, ஆஸ்டின் டவுன் வீட்டில் நானும் அவர் ஆசையாக வளர்த்த மீன்களும் மட்டும்தான். பார்க்கப் போகும்போதெல்லாம் குழறிய குரலில், "மீனுங்க நல்லாருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார். "நல்லாருக்குதுங்க" என்று பொய் சொல்வேன்.

தொட்டி முழுக்கப் பாசி. கண்ணாடியைச் சுரண்டினேன், தண்ணீரை மொத்தமாக மாற்றினேன், கடையில் கொடுத்த மருந்தையும் ஊற்றினேன். மறுபடியும் பச்சையாகிவிடும். ஒரு மாலை இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மீன்கள் போனால் அவரும் போய்விடுவார் என்ற பயம் எனக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு, மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஷபானா இறங்கி வந்தாள். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"படியேறும்போதெல்லாம் பாக்குறேன் அக்கா, தொட்டி லைட்டு எரிஞ்சிட்டே இருக்குது. வெளிச்சம் ஜாஸ்தியானா பாசி போகவே போகாது. ஆஃப் பண்ணிடுங்க."

"மீனுங்க அசையறத பாத்துட்டேதான் உக்காந்திருப்பேன். அணைச்சா வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கும்மா."

அவள் தானே விளக்கை அணைத்து, என் கையைப் பிடித்து எழுப்பினாள். "அப்போ மேல வாங்க. பேசிட்டே சாப்பிடலாம்."

அன்றிலிருந்து தினமும் மாலையில் மேலே போனேன். தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. இரண்டு மீன்கள் செத்ததை அவரிடம் சொன்னேன். "மிச்சம் இருக்குதில்ல" என்றார்.

அவர் இன்னும் வீடு திரும்பவில்லை. திரும்புவாரா என்றும் தெரியவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.