ஆட்காட்டி விரலும் ஒரு டாங்கியும்

என் வலது கை ஆட்காட்டி விரல் ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் போனது. கார் கதவுக்கு உள்தகடு அடிக்கும் வேலை. எப்படிப் போனது என்று விவரிக்கப் போவதில்லை. விவரிக்க அதில் அதிகம் எதுவும் இல்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், விரல் நடு மூட்டுக்கு மேலே இல்லை. ஐஸ் போட்ட பாலித்தீன் பையில் யாரோ அதையும் எடுத்து வந்திருந்தார்கள். நசுங்கிவிட்டது, ஒட்ட முடியாது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பை பிறகு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

குன்றத்தூர் மலைக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களை இணைக்கும் லைனில் வேலை. அவள் பஸ் ஏறிப் போய்விட்டால் சாயங்காலம் வரை நானும் கட்டுப் போட்ட கையும்தான். ஷிப்டில் பழகிய உடம்புக்குப் பகல் வீட்டின் அமைதி ஒத்துவரவில்லை. ஃபிரிட்ஜ் நின்றால்கூடத் திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன்.

கட்டுப் பிரித்த பிறகு கைப்பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்த பெண் திருநெல்வேலிப் பக்கம். “கைய சும்மா வச்சிருக்காதீங்கண்ணே, வெறச்சுப் போயிரும். பூண்டு உரிங்க, பாசிமணி கோருங்க. பொடிப்பொடி வேலையாக் குடுங்க” என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். அவன் ஒரு டிசைன் ஆபீசில் கம்ப்யூட்டரில் படம் வரைபவன்.

“இன்னாடா அது?” என்றாள் அவன் அக்கா.

“டேங்க்கு.”

“தண்ணி டேங்க்கா?”

“சண்டை போடுற டேங்க்குக்கா. வாங்கி ரொம்ப நாளா பிரிக்காமயே வெச்சிகினு கீறேன். மாமா பண்ணட்டும்.”

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு ஜெர்மன் கனரக டாங்கியின் சிறிய மாதிரி. முடித்தால் ஒரு முழம்கூட வராது. ஆனால் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான பாகங்கள், பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பிறகு பசை தடவி ஒட்ட வேண்டும். சக்கரங்கள் மட்டுமே ஒரு குவியல். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரிசையாக நிற்கும் சக்கரங்கள்.

முதல் சில நாட்கள் எல்லாம் கையிலிருந்து நழுவின. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடுவதிலேயே பொழுது போயிற்று. மெல்ல மெல்லக் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. பகல் நீளமாகத் தெரியாமல் போனது அப்போதுதான்.

ஒரு நாள் காலை ஒரு சக்கரத்தைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது என்று கீழே வைக்கப்போனபோது ஆட்காட்டி விரலின் நுனியில் ஒரு சொரசொரப்பு தட்டியது. இல்லாத விரலின் நுனியில். கையைப் பார்த்தேன். அந்த விரல் இருந்திருந்தால் சக்கர விளிம்பில் எந்த இடத்தைத் தொட்டிருக்குமோ அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மயிர் கனத்தில் ஒரு பிசிறு இருந்தது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். “கண்ணுல பாத்திருப்பீங்க, வெரலுன்னு நெனச்சிகினு இருப்பீங்க” என்றாள். பயிற்சிப் பெண் ஆச்சரியப்படவே இல்லை. “நெறைய பேருக்கு உள்ளதுதாண்ணே. வெரலு போன சேதி மூளைக்கு இன்னும் போய்ச் சேரல. கொஞ்ச நாள்ல அதுவா அடங்கிரும்.”

அடங்கும்வரை இருக்கட்டும் என்று நானும் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பேன். விரல் சொல்லும்வரை தேய்ப்பேன். இடப்பக்கத்துச் சக்கரங்கள் அத்தனையையும் அப்படித்தான் முடித்தேன்.

அதோடு நிற்காமல் டாங்கியை மாற்றவும் ஆரம்பித்தேன். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைக்கு மேலே வரும் மட்கார்டு, பெட்டியில் வந்தது, தடிமனாக, சப்பாத்திக் கட்டை மாதிரி இருந்தது. தகடு அப்படி இருக்காது என்பது எனக்குத் தெரியும். கூல்டிரிங்ஸ் டப்பாவை வெட்டி, மெல்லிய தகட்டில் புது மட்கார்டு செய்து, ஓரத்தை மடித்து, ஒரு மூலையில் இடித்த நெளிவும் வைத்தேன். தகட்டை வளைக்கையில் அந்த விரல்தான் முன்னால் போய் அழுத்துவதுபோல் இருக்கும். மேல்மூடியை மூடியபடியே வார்த்திருந்தார்கள். அதை அறுத்தெடுத்து, திறந்து மூடும்படி கம்பியில் கீல் போட்டேன். மச்சானுக்கு போட்டோ அனுப்பினால் “மாமா, செம” என்று பதில் வரும்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. டாங்கியின் கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் சேர்த்து ஒட்டினேன். பசை காயும்வரை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிவைத்தேன். கையை எடுத்தவுடன் விரல் நுனி குளிர்ந்தது.

பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி இல்லை அது. ஈரம். விரலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஈரமாக, கனமாக எதுவோ அணைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் நூல் போல ஒன்று நகத்தை ஒட்டி ஓடியது. டாங்கிக்குள் தண்ணீர் போய்விட்டதோ என்று ஆட்டிப் பார்த்தேன். மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உலர்ந்திருந்தது. கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். விடவில்லை. மனைவி வந்து செருப்பைக் கழற்றும்வரை அந்த ஈரம் இருந்தது.

“மண்ணுக்குள்ள விட்ட மாதிரி கீது” என்றேன் அவளிடம்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?”

“இன்னாத்த?”

“உங்க அண்ணன்தான் அன்னிக்கு ஆஸ்பத்திரில அந்தப் பைய கேட்டு வாங்கிகினு போனாரு. ஆளோட ஒரு பாகம், குப்பையில போட வுடமாட்டேன்னாரு. பிள்ளைப்பாக்கத்துல உங்க நெலத்து ஓரமா சின்னக் கலயத்துல வெச்சிப் பொதச்சாரு. உங்களாண்ட சொல்ல வேணாம்னாரு.”

அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சூடு பட்டது நாலு விரலுக்கும் மிச்சமிருந்த அடிக்கட்டைக்கும்தான். அந்த நுனி ஈரத்திலேயே இருந்தது.

அதன் பிறகு பகலில் வீட்டில் தனியாக இருப்பது வேறு மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தால் விரலில் தெரிந்தது. குன்றத்தூரில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் சில சமயம் மழை தெரிந்தது. அப்போதெல்லாம் பிள்ளைப்பாக்கத்தில் பெய்ததா என்று அண்ணனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. டாங்கியை மட்டும் விடாமல் செய்தேன். அதுதான் கையைக் கை என்று நினைக்க வைத்தது.

வலப்பக்கத்துச் சக்கரங்களும் சங்கிலிப் பட்டையும் மிச்சமிருந்தன. பட்டையைக் கண்ணி கண்ணியாக ஒட்டிக் கோத்து, சக்கரங்களின் மேல் சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றி முடித்து, டாங்கியை மேசைமேல் வைத்து, கண்ணிகள் பல்லில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று லேசாக முன்னே தள்ளினேன். கரகரவென்று நகர்ந்தது.

அப்போதுதான் விரல் நசுங்கியது. பிரஸ்ஸில் போன அன்றைக்குக்கூட அப்படி வலிக்கவில்லை. அன்று எல்லாம் ஒரே நொடி. இது மெதுவாக வந்தது. ஒரு கனம் ஏறி, நின்று, கடந்து, மறுபடி ஏறியது. நான் நாற்காலியோடு சாய்ந்து தரையில் கிடந்தேன். மேசைமேல் டாங்கி தள்ளிய இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. இடது கையால் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணா, நம்ம நெலத்து ஓரமா எதுனா வண்டி வந்துச்சா?”

பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது.

“பக்கத்து ப்ளாட்டுல குடோன் கட்டறாங்க. இப்பதான் பொக்லைன் எறக்கினாங்க. வழி இல்லன்னு நம்ம ஓரத்துல ஏத்திகினு கீறான், நான் போய் சத்தம் போட்டுகினு கீறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உனக்கு எப்படிரா தெரியும்?” என்றார்.

“எனக்கு வலிக்குது” என்றேன்.

அடுத்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேராக வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

நிலத்தோரச் சேற்றில் பொக்லைனின் சங்கிலித் தடம் இரண்டு பட்டையாகப் பதிந்திருந்தது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி போன தடம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. அதை வெகுநேரம் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அண்ணன் மண்வெட்டியால் ஓரிடத்தில் தோண்டினார். இடம் பார்க்க அவர் தயங்கவே இல்லை.

“நீ அந்தாண்ட போ.”

“இருக்கறேண்ணா.”

“போடான்னா.”

வேலிக் கல்லருகே நின்றேன். கலயம் உடையும் சத்தம் வரவில்லை. அது முன்பே உடைந்திருந்தது. ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்குவது கேட்டது. பிறகு அவர் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளித் தன் துண்டில் போட்டு முடிந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். துண்டை நான் பார்க்கவில்லை.

ஏரிக்கரை இடுகாட்டில் எங்கள் அப்பா இருக்கும் இடத்துக்கு இரண்டு பேரும் நடந்தே போனோம். அண்ணன் ஆழமாகத் தோண்டினார். கற்பூரம் வைத்தார், காற்றுக்கு நிற்கவில்லை, கையால் மறைத்துக்கொண்டார். “அப்பா பக்கத்துல கெடக்கட்டும். இங்க எவனும் வண்டி ஏத்தமாட்டான்” என்றார். கடைசிப் பிடி மண்ணை அவர் மூடித் தட்டியபோது என் விரலில் இருந்த வலியும் ஈரமும் ஒருசேர விட்டுப்போயின. விளக்கை அணைத்ததுபோல.

பைக்கில் திரும்பும்போது நிம்மதியாகத்தான் இருந்தேன். மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் மேசையில் உட்கார்ந்து வலப்பக்கத்துச் சக்கரம் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது நிறுத்துவது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. கண்ணைத் திறந்தபோது சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தது. ஆஸ்பத்திரியிலும் பிறகும் விடாத கண்ணீரை அன்றைக்குத்தான் விட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும்.

டாங்கியை எப்படியோ முடித்தேன். எடுத்துப்போக வந்த மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இந்தப் பக்கம் சூப்பரா கீது மாமா. அந்தப் பக்கம் மட்டும் வேற யாரோ பண்ண மாதிரி கீது” என்றான். கை வலி என்று சொல்லி வைத்தேன். மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனியில் என்னை இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள். தகட்டைக் கண்ணால் பார்த்துத் தள்ளும் வேலை. கையில் தொட வேண்டியதில்லை.

அண்ணனும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இடம் காலியாவதற்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவர் என் வலது கையை எடுத்து, கட்டை விரலால் அந்தக் குறைவிரலின் நுனியை லேசாக அழுத்தினார்.

“இன்னும் எதுனா தெரியுதா?”

“இல்லண்ணா.”

தலையை ஆட்டிவிட்டு, எதிர் வரிசையில் இலை போடுவதைப் பார்த்து எழுந்து போனார். நானும் பின்னால் போனேன்.