மூன்று வயதுக் கையெழுத்து

பதினோராவது நோட்டில் இடது கையால் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தாள் மழலை வகுப்பு டீச்சர். வலது கையால் எழுதினால் மூன்று வயதுக் குழந்தையின் எழுத்து மாதிரி இருக்காது. வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த தலைமையாசிரியை, ஆறு வயதுவரை பிள்ளைகள் பென்சிலைத் தொடக் கூடாது, விளையாடினால் போதும் என்று சொல்லிவிட்டார். வெறும் நோட்டு வீட்டுக்குப் போனால் பெற்றோர் பள்ளியை மாற்றிவிடுவார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் போனால் வகுப்பை மூடிவிடுவார்கள். டீச்சரின் வேலையும் போகும்.

சாயங்காலம் ஒரு பிள்ளையின் அம்மா வந்து மகளின் நோட்டை நீட்டினாள். "என்ன டீச்சர், கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கா? பக்கத்து வீட்டுப் பிள்ளை வாக்கியமே எழுதுதாம். ஸ்கூலை மாத்திடலாம்னு அவங்கப்பா சொல்றார்."

"கை இப்பதாங்க படியுது. ஒரு வாரம் பொறுங்க, நானே பார்த்துக்கிறேன்."

மறுநாள் அந்த அம்மாவின் பிள்ளை வந்தது. மதியம்வரை மணலில் வீடு கட்டியது. டீச்சர் அதன் நோட்டில் இரண்டு பக்கம் கூடுதலாக எழுதினாள்.