அழைப்புப் பக்கத்தின் மஞ்சள்

குந்தவையிடம் வெப்சைட் செய்யக் கொடுத்தவர்கள் ஒருமுறையாவது அவளோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் மாடியில் ஒரே அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப். அதற்கே அவ்வளவு பிடிவாதம்! அரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்து, ஆலைப் பெயர், அரிசி ரகம், போன் நம்பர், குலதெய்வத்தின் பெயர் எல்லாமே பெரிய எழுத்தில், ஆளுக்கொரு கலரில் ஜொலிக்க வேண்டும் என்றார்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யாரு சொல்றது காதுல விழும் சார்? முக்கியமானது எதுன்னு சொல்லுங்க, அதைப் பெரிசா போடறேன்."

மனுஷன் முறைத்துக்கொண்டு போனார். மறுவாரம் திரும்பி வந்தார். வேறு எங்கே போவார்!

அவள் வேலைக்கு வீட்டில் ஒரு பரீட்சை உண்டு. ஊர் அம்மாப்பேட்டைக்குப் பக்கம். அப்பா துரைராசு உச்சி வெயிலில் வரப்பில் நிற்கும்போது போனை நீட்டி, "படிங்கப்பா" என்பாள். கண்ணாடி போடாமல் அவர் தடங்கல் இல்லாமல் படித்தால்தான் அந்த எழுத்தும் நிறமும் வெளியே போகும். "இந்தச் சாம்பல் எழுத்து என்னம்மா, பூச்சியாட்டம் ஊருது" என்று அவர் சொல்லிவிட்டால் அத்தனையையும் மாற்றுவாள். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்ட மகளைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியது. அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெயிலில் நின்று படித்துக் கொடுத்தார்.

அவருக்கு அறுபது வந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவானது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ராஜ்குமார் மண்டபம் பிடித்தான். குந்தவை அழைப்பை இணையப் பக்கமாகவே செய்தாள். அம்மா தர்மாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் போடுடி. இது மோர்க்குழம்பாட்டம் இருக்கு."

அரைத்த மஞ்சளின் நிறம் வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அதன்மேல் குங்குமச் சிவப்பில் துரைராசு – தர்மாம்பாள், இரண்டு பெயரும் ஒரே அளவு, அருகருகே. பட்டாவிலும் பத்திரத்திலும் எங்கும் தன் பெயரைக் கண்டிராதவள் அவள். "என் பேரை இம்மாம் பெரிசா இப்பதான்டி பாக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். தன் போனில் அதைத் திறந்து பக்கத்து வீட்டு அம்சத்திடம் காட்டினாள். சாயங்காலம் மறுபடியும் காட்டினாள்.

விசேஷம் நெருங்கிய நேரத்தில், மோட்டார் கொட்டகைக்குப் போன துரைராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பாவி மனுஷன், அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா!

பெரியப்பா வந்து குந்தவையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் போன லிங்க்கும்மா அது. இன்னும் கல்யாண வீடாட்டம் மஞ்சளா நிக்குது. பாத்துட்டு யாராவது திருக்கடையூருக்குக் கிளம்பிடப் போறாங்க. அதுலயே சேதியைப் போட்டுடு."

நியாயமான பேச்சுதான். அந்த வேலை தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா. உள்ளறையில் லேப்டாப்போடு மகள். மஞ்சளை எடுத்தாள். வெள்ளை போட்டாள், கண் கூசியது. சாம்பல் போட்டாள். சிவப்பைக் கறுப்பாக்கினாள். அழைப்புக்கென்று இரண்டு பேரையும் சிரிக்கச் சொல்லி எடுத்த படத்திலிருந்து அம்மாவை வெட்டினாள். அம்மாவின் தோள் கொஞ்சம் ஓரத்தில் நின்றது. அதையும் வெட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் பெயர் மட்டும் பெரிதாக. அதன் கீழே தகனம் எத்தனை மணிக்கு என்று. கடைசியில் பெரியப்பா சொன்னபடி, பெயர் எதுவும் இல்லாமல் 'மனைவி, மக்கள்' என்று சிறிய எழுத்தில். அரிசி ஆலைக்காரரிடம் அவ்வளவு வாயாடியவள் அன்று சொன்னதை அப்படியே போட்டாள்.

முடித்ததும் பழக்கதோஷத்தில் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவிடம் படிக்கக் கொடுக்க. கூடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்து ராஜ்குமார் சிங்கப்பூருக்குத் திரும்பினான். உறவுக்காரர்கள் கலைந்தார்கள். ஒரு மத்தியானம் அம்மா ஜன்னலோரம் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். குந்தவை எட்டிப் பார்த்தாள். மஞ்சள். குங்குமச் சிவப்பில் இரண்டு பெயர்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பு எப்போதோ திறந்த பக்கம், புதுப்பிக்காமல் அப்படியே நிற்கிறது. விரலால் ஒரு இழு இழுத்தால் போதும், சாம்பலாகிவிடும். அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தவித்தாள்.

"அம்மா, அது வந்து... பழைய பக்கம்மா."

"தெரியும்டி. இழுத்தா மாறிடுமாம், அம்சம் சொன்னா. அவ போன்ல புதுசைப் பாத்தேன். அதுல நான் எங்கயுமே இல்ல."

குந்தவை பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்பு பண்ணிட்டேம்மா. இப்பவே போட்டுடறேன், அப்பா பேருக்குப் பக்கத்துலயே, அதே மாதிரி பெரிசா."

"கறுப்புலயா?" அம்மா தலையாட்டினாள். "வேண்டாம்டி. அதுல நான் இல்லாமயே இருந்துட்டுப் போறேன்."

குந்தவை போனை வாங்கி, பக்கம் தானாக மாறிவிடாதபடி நெட்டை அணைத்தாள். திரை மாறவில்லை. அம்மா அதைத் திரும்ப வாங்கி, விரல் மேலே படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்ஜ் கம்மியா இருக்குடி. ஆஃப் ஆயிட்டா போயிடுமா?"

அது குந்தவைக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. "போகாதும்மா" என்று சொல்லிவிட்டு, சார்ஜரைத் தேடி உள்ளே ஓடினாள்.