நாலு லிட்டர் பீருக்கு ஒரு பாத்திரம்

"பாத்திரத்துல என்னய்யா இருக்கு? எல்லாம் கைதான். ஒரு பழைய பூட்ஸக் குடுங்க, அதுலயும் பீர் காய்ச்சிக் காட்டுறேன்!"

தோ பாயோ பேட்டையில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ் உள்ள காப்பிக்கடையில் சிரில் ரொசாரியோ இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது நான் உடனிருந்தேன். காப்பிக்கடை வழக்கம்போல் இயங்கியது. சிரில் ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர். முப்பது வருஷம் பயணிகளைச் சந்தேகப்பட்டவருக்கு வீட்டில் சந்தேகப்பட ஆளில்லை. ஆகவே பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டை வாங்கிவந்து கண்காணிக்கத் தொடங்கினார்.

மூன்றறை வீட்டில் அவருக்குக் கிடைத்த ஆட்சிப்பரப்பு, சமையலறை ஜன்னலோரம் ஒரே ஓர் அலமாரித் தட்டு. அதனால் ஒரு தடவைக்கு நாலு லிட்டர்தான். முதலில் துணி ஊறவைக்கும் வாளியை எடுத்தார். பீர் அதன் அடியில் மழை விட்ட மைதானத்துக் குட்டைபோல் கிடந்தது. மேலே இருந்த காற்றெல்லாம் இறங்கி வேலைசெய்து வினிகராக்கிவிட்டது. அடுத்து, காற்றே ஆகாதென்று மினரல் வாட்டர் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி இறுக்க மூடினார். நுரைக்குப் போக்கிடம் வேண்டாமா? அது உத்தரத்துக்குப் போனது. போகிற வழியில், மனைவி ஃபிலோமினா தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கவுனையும் ஆசீர்வதித்தது.

"இங்க பாரு சிரில். கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு எங்கண்ணன் வரான். உன் பீரை ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சிட்டான்னா அலமாரித் தட்டு உனக்கு. இல்லன்னா நான் வாங்கிவெச்சிருக்கிற ஏர் ஃப்ரையருக்கு."

"ரெண்டாவது கிளாஸும் கேப்பான் பாரு!"

அப்போதுதான் அந்த டப்பா கண்ணில் பட்டது. இறாலைப் புளிக்கவைத்த பெலாச்சானை மிளகாயோடு இடித்த சம்பாலை, ஃபிலோமினா வருஷாவருஷம் தேவாலயச் சந்தைக்காக நிரப்பிவைத்த பிளாஸ்டிக் டப்பா. ஐந்து லிட்டர் கொள்ளும். நாலு பீருக்கு, ஒன்று நுரைக்கு. சிரில் சோப்புப் போட்டார், வெந்நீர் விட்டார், வெயிலில் காட்டினார், மூக்கை உள்ளே நுழைத்தார்.

"வாசமே இல்ல. நீங்க பாருங்க."

பார்த்தேன். எனக்கும் இல்லை. பக்கத்தில் ஃபிலோமினா சம்பால் இடித்துக்கொண்டிருந்தார் என்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை. அந்த வீட்டில் நின்று பெலாச்சான் வாசம் இல்லை என்பது, தண்ணீர் இருக்கிறதா என்று மீனிடம் சாட்சி கேட்பது.

அண்ணன் அலோய்சியஸ் பெர்த் நகரில் குடியேறிப் பத்து வருஷமாகிறது. மூக்கு சுத்தமாக வந்திருந்தது. கிறிஸ்மஸ் மேசையில் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

"மச்சான், இதுல எத்தனை இறால் குளிச்சுது?"

"அது பீர்ல போடுற ஹாப்ஸ் பூ வாசம் லா! உங்க ஊர்ல கிடைக்காது."

"கிடைக்கும். அதத் தூண்டில்ல மாட்டித்தான் மீன் பிடிப்போம்."

கிளாஸ் மேசைக்குத் திரும்பியது. ஃபிலோமினா உள்ளே போய் ஏர் ஃப்ரையர் பெட்டியின் டேப்பை உரித்தார். அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

சிரிலின் நிலைமை சிக்கலானது. பாத்திரத்தைக் குறைசொன்னால் பிரகடனம் போச்சு. கையைக் குறைசொன்னால் மானம் போச்சு. நன்கு யோசித்து, பழியை ஈஸ்டின் மேல் போட்டார். வாயில்லாத உயிர்.

ஜனவரியில், எங்கள் பேட்டைக்காரர் அதிகம் போகாத ஒரு பாத்திரக் கடையில் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்; ஒவ்வொன்றுக்கும் நடுவே வெளியே போய் நல்ல காற்று வாங்கிவந்தார். கடைசியில் ஒரு சின்ன ஜாடியைத் தேர்ந்தெடுத்து, கட்டிலுக்கு அடியில் நுழையுமா என்று சாண் போட்டு அளந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கடைக்காரம்மாவிடம் கேட்டார்:

"ஆன்ட்டி, இதுல முன்னாடி ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?"

"புதுசு லா! ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல."

சிரில் தலையாட்டிவிட்டு, இன்னொரு தடவை முகர்ந்தார்.