ஏலக்காய்த் தட்டில் ஒரு ரெக்கார்டு

அந்த ரெக்கார்டைக் கழுவியது தப்பில்லை. காயவைத்த இடம்தான் தப்பு.

ஆடி மாதம் மலையில் எதுவும் காயாது. உடுத்துகிற துணி, அப்பளக்கட்டு, பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் ஸ்டோருக்குள் கொண்டுபோய் வைப்போம். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் அறை. விறகு எரித்துச் சூடேற்றி, பச்சைக் காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்போம். ரெக்கார்டு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, கை பழகிய பழக்கத்தில், ஒரு காலித் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். மதியம் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, என் வீட்டுக்காரர் பிளேயரோடு சேர்த்து வாங்கி வந்தது அது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையாம். அட்டையில் பாடகியின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. செல்போனில் தேடியும் அவள் யாரென்று தெரியவில்லை. மலைக்குக் கீழே போடிக்குக் காய் ஏலத்துக்குப் போய்த் திரும்புகிற நாளெல்லாம் இவர் அதன் முதல் பாட்டைப் போடுவார். டிரம்பெட், டிரம்ஸ் என்று அமர்க்களமாக இருக்கும். காலால் தாளம் வேறு போடுவார். அது முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிடுவார்.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு என்னுடையது. அவர் கீழே போன நாட்களில் மட்டும் போட்டுக் கேட்பேன். ஒரு கிதார், அவள் குரல், அவ்வளவுதான். எனக்குப் புரிவது நாலைந்து வார்த்தை. அழுதே தீரவேண்டிய இடத்தில் அவள் அழமாட்டாள். குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, மேலே பாடுவாள். அந்த மூச்சுக்காகத்தான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன் அடித்தது. போடிக்குப் போயிருந்த அவர்தான். "மலை மேட்டுக்கு வந்துட்டேன். வெரசா வர்றேன், காப்பி போடு."

இரண்டு பலகைக்கு நடுவே ரெக்கார்டை வைத்து அரிசி மூட்டையை ஏற்றினேன். எடுத்துப் பார்த்தால் நெளிந்தது நெளிந்தபடியே இருந்தது. அப்படியே பிளேயர்மேல் கொண்டுபோய் வைத்தேன். அவருடைய கோபம் கத்துகிற கோபம் இல்லை, பேச்சை நிறுத்துகிற கோபம். புதுச் செருப்பை மழையில் நனையவிட்டதற்குப் பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. நாயிடம் பேசினார். கீழே சிலமலை ஊரிலிருந்து காய் எடுக்க வரும் பெண்மேல் பழியைப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததற்கே என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஜீப்பு வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்தவர் காப்பியைக்கூடக் கேட்காமல் நேராக பிளேயரிடம் போனார்.

"ஏங்க, அதைப் போடாதீங்க. நாந்தேன் ஸ்டோர்ல காய வச்சுக் கெடுத்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெக்கார்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சுழலவிட்டு முள்ளை வைத்தார். முதல் பாட்டில் முள் துள்ளித் துள்ளி விழுந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். அங்கும் துள்ளியது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் உள்ளே தள்ளினார். நெளிவு அந்த இடத்துக்கு அவ்வளவாகப் போயிருக்கவில்லை. கிதார் கேட்டது. பிறகு அவள் வந்தாள். குரல் லேசாக ஆடியது, ஆனாலும் பாடினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மூச்சு சேதமில்லாமல் இருந்தது.

பாட்டு முடிந்து முள் சும்மா உரசிக்கொண்டிருந்தது. அவர் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"இந்தப் பாட்டும் இதுலயா இருந்துச்சு?"

"ஒம்போது வருசமா இருக்கு" என்றேன். மதியத்திலிருந்து பயந்து செத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.